ரூட்ஸ் மனுவாவின் ‘ரன் கம் சேவ் மீ’: லண்டன் மண்ணில் விளைந்த ஹிப்ஹாப்

பிரிட்டிஷ் ஹிப்ஹாப்பை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று விசாரிப்பவர்களுக்கு, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘ரன் கம் சேவ் மீ’ ஆல்பத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பது வழக்கம். இதைவிட அதிகம் விற்ற ஆல்பங்கள் உண்டு. இதற்குக் கிடைக்காத விருதுகளை வென்றவையும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் பிறந்த ஓர் இசை வடிவம் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, அந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டதை இந்த ஆல்பத்தில் கேட்பதுபோல் வேறெதிலும் அவ்வளவு தெளிவாகக் கேட்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

ரூட்ஸ் மனுவா என்ற பெயரில் பாடும் ராட்னி ஸ்மித் 1972இல் பிறந்து, தென் லண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில் வளர்ந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை பெந்தெகொஸ்தே சபையில் பிரசங்கம் செய்தவர். வீட்டுக்குள் வேத வசனமும் பாவ பயமும், வீட்டுக்கு வெளியே ரெகே இசையும் பெரிய ஸ்பீக்கர்களின் அதிர்வும் என்று அமைந்த அந்த வளர்ப்பு முழுவதும் இந்த ஆல்பத்துக்குள் இருக்கிறது. நிஞ்சா ட்யூன் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் கிளையான பிக் டாடா, 1999இல் அவருடைய முதல் ஆல்பமான ‘பிராண்ட் நியூ செகண்ட் ஹாண்ட்’ என்பதை வெளியிட்டது. இது இரண்டாவது.

இந்த ஆல்பத்தின் அருமையை உணர, அதற்கு முந்தைய நிலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1980களில் பிரிட்டனில் ராப் பாடத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர், மைக்கைப் பிடித்ததும் நியூயார்க் உச்சரிப்புக்குத் தாவிவிடுவார்கள். பேசும்போது லண்டன்காரராக இருப்பவர், பாடும்போது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்காரராக மாறிவிடுவார். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் ராட்னி பி, பயோனிக் ஆகியோர் இருந்த லண்டன் பாஸி குழுவினர். 1990இல் வந்த அவர்களுடைய ‘கேங்ஸ்டர் கிரானிக்கிள்’ ஆல்பத்தில் தெருவில் பேசும் லண்டன் பேச்சும், வீட்டில் பேசும் ஜமைக்கப் பேச்சும் அப்படியே ராப்புக்குள் வந்தன. இன்று அதைக் கேட்கும்போது டிரம் ஒலிகள் அந்தக் காலத்துக்கே உரியவையாகத் தோன்றலாம். ஆனால் குரல்கள் சற்றும் பழையதாகவில்லை. சொந்தப் பேச்சில் பாடியவரின் குரலுக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை.

உச்சரிப்பு மாறினால் தாளமும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லண்டன் பேச்சில் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வரும் ‘ட்’ ஒலியைப் பல வேளைகளில் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் மிகச் சிறிய இடைவெளி ஒன்று விழும். சொல்லின் இறுதியில் வரும் ‘ர்’ ஒலி கரைந்துபோய், அதற்கு முந்தைய உயிரொலி நீளும். அமெரிக்க ராப்பரின் வாயில் உருண்டு வழுக்கிச் செல்லும் ஒரு வரி, லண்டன் ராப்பரின் வாயில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, தாளத்தின் மேல் இன்னொரு தாளம் போட்டுக்கொண்டு வரும். இயைபும் மாறிவிடுகிறது, அமெரிக்க உச்சரிப்பில் ஒட்டாத இரண்டு சொற்கள் லண்டன் உச்சரிப்பில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. எனவே சொந்த உச்சரிப்பில் பாடுவது என்பது அடையாளம் குறித்த பிடிவாதம் மட்டுமில்லை. அது ஓர் இசைத் தேர்வும்கூட.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1973 ஆகஸ்டில் பிராங்ஸில் தன் தங்கைக்காக நடந்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றி, ஹிப்ஹாப்பின் தொடக்கம் என்று போற்றப்படும் இரவை உண்டாக்கிய டிஜே கூல் ஹெர்க், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அங்கிருந்த சவுண்ட் சிஸ்டம் மரபைத்தான், அதாவது ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, இசைத்தட்டின் மேல் மைக்கில் பேசியும் பாடியும் கூட்டத்தை ஆட வைக்கும் மரபைத்தான், அவர் நியூயார்க்கில் வேறு இசைத்தட்டுகளைக் கொண்டு தொடர்ந்தார். அதே மரபு, ஜமைக்காவிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு நேரடியாகவே பிரிட்டனுக்கும் வந்துவிட்டிருந்தது. தென் லண்டனில் சாக்ஸன் சவுண்ட் சிஸ்டத்தைச் சேர்ந்தவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே மூச்சு விடாமல் வேகமாகச் சொல்லடுக்கிப் பாடும் ஒரு பாணியை வளர்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஸ்மைலி கல்ச்சர், 1984இல் வந்த தன் பாடல் ஒன்றில் லண்டனின் காக்னி பேச்சையும் ஜமைக்கப் பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் பாடினார். இப்படியொரு சொத்து கையிலேயே இருக்க, பிரிட்டிஷ் ராப்பர்கள் நியூயார்க்கைப் பார்த்துப் பாடியது தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதுபோலத்தான். ரூட்ஸ் மனுவா நேராகத் தொட்டார்.

‘விட்னஸ்’ என்ற பாடலில் அதை முதல் சில நொடிகளிலேயே கேட்கலாம். 1990களின் நியூயார்க் ஹிப்ஹாப்பில், பழைய சோல் அல்லது ஜாஸ் இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுத்த டிரம் முன்னால் நிற்கும்; பேஸ், அதாவது அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த ஒலி, அதற்குக் கீழே அடக்கமாக ஓடும். இந்தப் பாடலில் வரிசை தலைகீழாகிறது. சிந்தசைசரில் எழுப்பிய தடித்த, நசநசத்த, கொஞ்சம் முரட்டுத்தனமான ஒரு பேஸ் வரிதான் பாடலின் முகம். அது உறுமிக்கொண்டே மேலேறுகிறது, வழுக்கி இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. டிரம் அதற்குப் பணிவிடை செய்கிறது. கிட்டார் இல்லை; இதமான பியானோ துண்டு எதுவும் இல்லை. நடனக்கூடத்தின் ஸ்பீக்கரை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது என்பது உடனே புரிந்துவிடும். பாடலின் இசையையும் ரூட்ஸ் மனுவாவே அமைத்தார் என்பதால், குரல் எங்கே ஒதுங்க வேண்டும், பேஸ் எங்கே முன்னுக்கு வர வேண்டும் என்பதில் சிறு குழப்பமும் இல்லை.

வரிகளைக் கவனித்தால் இன்னும் சுவை கூடும். அமெரிக்க ராப்பர்கள் விலையுயர்ந்த ஷாம்பெய்னைப் பற்றியும் சொகுசுக் கார்களைப் பற்றியும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் தம் பெருமிதப் பாடலில் பத்துப் பைன்ட் பிட்டர் பியரையும், சீஸ் உருக்கிய ரொட்டித் துண்டையும் பேசுகிறார். அந்த ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருக்கும் வரிக்கு அடுத்தாற்போல் ஏழை நாடுகளின் பஞ்சம் பற்றிய ஒரு வரி வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையே எந்த முன்னறிவிப்பும் இல்லை. அதே குரல், அதே நிதானம். லண்டனில் சாதாரண வருமானத்தில் வாழும் ஒருவர் சாப்பிடும் சாதாரண உணவை வைத்துக்கொண்டே தன் இருப்பையும் உலகத்தின் துயரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததுதான் இந்தப் பாடலின் பெரிய சாதனை. இதன் வீடியோவில் அவர் தாம் படித்த தொடக்கப் பள்ளிக்குத் திரும்பிப் போய், விளையாட்டு விழாவில் சின்னப் பிள்ளைகளோடு போட்டி போட்டு ஓடுகிறார். பெருமையடிக்கும் ராப் வீடியோக்களின் நடுவே, அது எவ்வளவு தன்னம்பிக்கை நிறைந்த ஒரு காட்சி என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய குரல் ஆழமானது, கனமானது, அவசரப்படாதது. பிரசங்கியாரின் மகன் என்பதை அறிந்து கேட்பவருக்கு, வாக்கியத்தின் முடிவை அவர் இழுத்து நிறுத்தும் விதத்தில் பிரசங்க மேடை தெரியும். ‘சின்னி சின் சின்ஸ்’ என்ற பாடலில் அந்த வளர்ப்பையே அவர் எடுத்துப் பேசுகிறார். கண்டிப்பான சபைக் குடும்பத்தில் வளர்ந்த சிறுவனுக்குப் பாவம் என்ற சொல் எப்படிக் கூடவே வளர்ந்தது, அவன் பெரியவனான பிறகும் அது எப்படித் தோளைத் தட்டுகிறது என்பதைக் கோபமில்லாமல், நையாண்டியும் இல்லாமல் சொல்கிறார். மத வளர்ப்பைப் பற்றிப் பாடும் இசைக்கலைஞர்கள் பொதுவாக அதைத் தூக்கி எறிவார்கள், அல்லது அதன் காலில் விழுவார்கள். இவர் இரண்டையும் செய்யாமல் அதோடு வாழ்கிறார். முழு ஆல்பத்திலும் என் மனத்தை அதிகம் தொட்ட பாடல் இதுதான்.

‘ஜாயின் தி டாட்ஸ்’ பாடலில் லாஸ் ஏஞ்சலஸின் ஜுராசிக் 5 குழுவைச் சேர்ந்த சாலி டூனா வந்து சேர்கிறார். அவருடைய குரலும் அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல்தான். இரண்டு கனத்த குரல்கள் ஒரே பீட்டின், அதாவது ஒரே பின்னணித் தாள இசையின் மேல் அடுத்தடுத்து வரும்போது, மேலே உச்சரிப்பைப் பற்றிச் சொன்னது அத்தனையும் காதுக்கு நேராகவே விளங்கிவிடுகிறது. அமெரிக்கர் பீட்டின் மேல் சறுக்கிக்கொண்டு போகிறார்; லண்டன்காரர் பீட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று, சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிறார். யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. ஒருவர் மற்றவரைப் போலப் பாட முயலவில்லை. இருவருக்கும் அதனால் அழகு கூடியிருக்கிறது. இந்த ஆல்பத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு சந்திப்பு நடந்திருந்தால், பிரிட்டிஷ்காரர் விருந்தாளிக்கு ஈடுகொடுக்க உச்சரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும் வாய்ப்பே அதிகம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறுந்தகட்டில் இருக்கும் இடத்தையெல்லாம் நிரப்பிவிட வேண்டும் என்ற அந்தக் காலத்துப் பழக்கம் இந்த ஆல்பத்தையும் விட்டுவைக்கவில்லை. நடுப்பகுதியில் ஒரே வேகத்தில், ஒரே மனநிலையில் சில பாடல்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றில் இரண்டு மூன்றை எடுத்துவிட்டிருந்தால் மற்றவை இன்னும் எழுந்து நின்றிருக்கும். கஞ்சாவைப் பற்றிய பேச்சு அளவுக்கு மீறி வருகிறது. அந்த வரிகளில் அவருடைய கற்பனையும் சற்றே தூங்கிவிடுகிறது. ஆனால் இறுதியில் ‘ட்ரீமி டேஸ்’ என்ற காதல் பாடல் வயலின் இசை சூழ வந்து, அந்தச் சோர்வையெல்லாம் கழுவிவிடுகிறது. கனத்த குரலுடைய ஒரு மனிதர் இவ்வளவு மென்மையாகப் பேச முடியும் என்று அதுவரை ஆல்பம் நமக்குச் சொல்லியிருக்கவில்லை.

பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் ஆண்டின் சிறந்ததற்கு வழங்கப்படும் மெர்க்குரி பரிசின் 2002ஆம் ஆண்டு இறுதிப் பட்டியலில் இந்த ஆல்பம் இடம்பெற்றது. அதே பட்டியலில் மிஸ் டைனமைட்டின் ‘எ லிட்டில் டீப்பர்’, தி ஸ்ட்ரீட்ஸின் ‘ஒரிஜினல் பைரேட் மெட்டீரியல்’ ஆகியவையும் இருந்தன. பரிசை வென்றவர் மிஸ் டைனமைட். நல்ல குரல், நேர்மையான வரிகள். ஆனால் அதன் மெருகு பெருமளவு அமெரிக்க ஆர் அண்ட் பி மெருகு. என்னைக் கேட்டால் பரிசு மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும்.

தி ஸ்ட்ரீட்ஸ் என்ற பெயரில் இயங்கிய மைக் ஸ்கின்னர், பர்மிங்காமில் வளர்ந்தவர். பிரிக்ஸ்டனில் ஒரு வீட்டு அறையில், துணி அலமாரியையே குரல் பதிவுக்கான அறையாக மாற்றிக்கொண்டு அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். அவர் எடுத்துக்கொண்ட பீட் ஜமைக்காவிலிருந்து நேராக வந்ததன்று. லண்டன் கிளப்புகளிலும், உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களின் உச்சியில் ஆன்டெனா வைத்து அனுமதியின்றி ஒலிபரப்பிய பைரேட் வானொலிகளிலும் வளர்ந்த யூகே கராஜ் இசையின் துள்ளல் அது. அதன் மேல் அவர் பாடுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். வேலையில்லாத பகல்கள், வறுத்த உருளைக்கிழங்குக் கடை, இரவுப் பேருந்து, பிரிந்துபோன காதலி என்று எல்லாமே தெருமுனையில் கேட்கும் பேச்சாகவே வருகின்றன. ராப் என்ற அளவில் அவர் சந்தம் பல இடங்களில் தடுக்கி விழுகிறது; அந்தத் தடுக்கலும் பேச்சின் இயல்பாக இருப்பதால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. அட்டைப்படத்தில் இரவில் விளக்கெரியும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ரூட் பிளீஸ் லக்ஸம்பர்க் எடுத்த படம் அது.

அடுத்த ஆண்டு, 2003 ஜூலையில், கிழக்கு லண்டனின் போ பகுதியைச் சேர்ந்த டிஸ்ஸி ராஸ்கலின் ‘பாய் இன் த கார்னர்’ வந்தது. அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசும் அதற்கே கிடைத்தது. ஆல்பம் வந்தபோது அவருக்கு 18 வயது. அதிலுள்ள ‘ஐ லவ் யூ’ பாடலை அவர் 16 வயதில் உருவாக்கினார். பள்ளியின் இசை வகுப்பறையில் இருந்த கணினியில் பீட் கட்டப் பழகியவர் அவர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 அடிகள் ஓடும் வேகம், உலோகத் தகடு உடைவதுபோன்ற டிரம், நடுவே திடீரென்று எதுவுமே இல்லாத வெற்றிடம், அதன்மேல் குரல் உடையும் பருவத்துச் சிறுவனின் பதற்றமான கத்தல் என்று கிரைம் (grime) எனப்படும் லண்டன் இசை வகையின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. கிரைம் தனி இசை, அதை ஹிப்ஹாப்போடு சேர்க்கக் கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. பிறந்த வழியைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். அது கராஜிலிருந்து பிறந்தது. ஆனால் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடித்தவர்களின் மரபு இரண்டுக்கும் பொது என்பதால், கேட்பவர் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதில் தவறில்லை. ரூட்ஸ் மனுவாவின் ஆல்பத்தில் பேஸ் அரவணைக்கிறது. டிஸ்ஸியின் ஆல்பத்தில் அதே பேஸ் அறைகிறது.

தமிழ் வாசகர்கள் மறக்கக் கூடாத ஒரு பெயரும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போர்ச்சூழலில் மீண்டும் லண்டனுக்குத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் ‘அருளர்’ ஆல்பத்தை வெளியிட்டார். தந்தையின் இயக்கப் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தார். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரு கருவியை வைத்துக்கொண்டு அவர் கட்டத் தொடங்கிய பீட்டுகளில், ஜமைக்க நடனக்கூட இசையும் லண்டன் தெருவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஜமைக்கக் குடும்பத்தில் பிறக்காத ஒருவரும் அந்தச் சவுண்ட் சிஸ்டத்தின் மொழியைத் தன் கதைக்கு எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த ஆண்டு மெர்க்குரி பட்டியலில் அதுவும் இருந்தது.

இன்றைய ஆல்பங்களில் லிட்டில் சிம்ஸின் ‘சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்’ என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். 2021இல் வந்து, 2022இல் மெர்க்குரி பரிசு பெற்றது. பெரிய வாத்தியக் குழுவின் முழக்கத்தோடு தொடங்கும் அந்த ஆல்பத்தில், அவருடைய நைஜீரியப் பூர்வீகத்தின் ஆஃப்ரோபீட் தாளமும் ஒரு கட்டத்தில் நுழைகிறது. மண்ணின் ஒலி என்பது ஜமைக்காவோடு நின்றுவிடவில்லை. லண்டனில் யார் யார் குடியேறினார்களோ அவர்கள் வீட்டுத் தாளமெல்லாம் அதில் சேர்ந்துகொண்டே வருகிறது. சிம்ஸின் உச்சரிப்பில் எந்த இடத்திலும் அமெரிக்க வாடை இல்லை. அப்படி இருக்க வேண்டும் என்று அவரை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. லண்டன் பாஸி போராடிப் பெற்ற உரிமை அது.

‘ரன் கம் சேவ் மீ’யை எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு வேண்டுகோள். கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்தச் சிறிய ஸ்பீக்கர்களால் அடி அதிர்வெண்களை எழுப்ப இயலாது. ‘விட்னஸ்’ பாடலின் பேஸ் வரியில் மேலே இருக்கும் நசநசப்பு மட்டும் காதுக்கு வந்து, அதன் உடல் முழுவதும் காணாமல் போய்விடும். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனோ, ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ இருந்தால் போதும். ஸ்ட்ரீமிங்கில் எளிதாகக் கிடைக்கிறது. இசைத்தட்டாக வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கலாம். சவுண்ட் சிஸ்டத்தின் வழிவந்த இசைக்கு அது பொருத்தமான வடிவம்.

பேஸ் பிடித்துப்போனவர்கள் அடுத்து 2002இல் வந்த ‘டப் கம் சேவ் மீ’யைக் கேட்கலாம். இதே பாடல்கள் சிலவற்றிலிருந்து குரலைக் களைந்து, எதிரொலியைப் பெருக்கி, டப் முறையில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். வரிகள் பிடித்துப்போனவர்கள் முதல் ஆல்பமான ‘பிராண்ட் நியூ செகண்ட் ஹாண்ட்’ பக்கம் போகலாம். அதன் ஒலி இன்னும் கரடுமுரடாக இருக்கும், இருளும் அதிகம். மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நீளத்தையும் நடுப்பகுதித் தொய்வையும் பொறுத்துக்கொண்டு ‘ரன் கம் சேவ் மீ’யையே வாங்கலாம்.